மோட்டார் ரூமும் ஒரு சனிக்கிழமையும்

போன மாசம் அன்னூர்ப் பக்கம் சொந்தத்துல ஒரு கல்யாணம். பந்தியில உட்கார்ந்து இலைக்குத் தண்ணி தெளிச்சுட்டு இருந்தேன். பக்கத்து இலைக்கு வந்த மாமா ஒருத்தர் ஆரம்பிச்சார்.

"ஏன் மாப்ள, கம்ப்யூட்டர் வேலைன்னு சொல்றாங்க. அதுல என்னதான் பண்ற நீ?"

"சைட் ரிலயபிலிட்டி இன்ஜினியருங் மாமா."

"சைட்டா? சரவணம்பட்டில இப்ப சென்ட் என்ன வெலை போகுது?"

கோயமுத்தூர்ல சைட்டுன்னா அது ஒண்ணுதானே. அவரைச் சொல்லிக் குத்தமில்லை. சுதாரிச்சுக்கிட்டு, "இல்லீங் மாமா, கம்பெனிகளோட கம்ப்யூட்டர் எல்லாம் நிக்காம ஓடுதான்னு பாத்துக்கோணும். நின்னு போனா ராத்திரி எத்தனை மணியானாலும் எந்திரிச்சு ஓட்டி விடோணும்" அப்படின்னேன்.

"அட, மோட்டார் ரூம் வேலைன்னு சொல்லு!" அப்படின்னுட்டு ரசத்துக்குக் கையை நீட்டினார்.

கூகுள்ல 2003-ல பென் ட்ரெய்னர் ஸ்லாஸ்ங்கிறவர் இந்த வேலைக்கு எஸ்.ஆர்.இ.ன்னு பேர் வெச்சார். 2016-ல அவங்களே அதைப் பத்தி தலகாணி சைஸுக்கு ஒரு புத்தகமும் போட்டாங்க. நானும் படிச்சேன். ஆனா மாமா சொன்ன மாதிரி ரெண்டே வார்த்தையில யாரும் சொன்னதில்லைங்க. அதையே பிடிச்சுக்கிட்டு, ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுட்டு வந்த ஒரு சனிக்கிழமையைப் பத்தி இன்னிக்கு எழுதிடறேன். பொட்டி தட்டற பசங்களுக்கு நடுவுல கொஞ்சம் பாடமும் இருக்கு. மத்தவங்க கதையா மட்டும் படிச்சாலும் சரி.

முதல்ல ஒரு சின்னக் கொசுவத்திச் சுருள்.

எங்க தோட்டத்துல ஒரு போர், 7.5 எச்.பி. மோட்டார். ஓடு போட்ட மோட்டார் ரூம். உள்ள ஸ்டார்டர் பெட்டி, பீஸ் கட்டை, மூலையில பழைய பெல்ட்டு, அதுக்குக் கீழ நிச்சயமா ஒரு தேள். அப்போ எல்லாம் மும்முனைக் கரண்டு நாளைக்குச் சில மணி நேரம்தான். பகல்லயும் வரும், நடுராத்திரியிலயும் வரும். எந்திரிச்சுப் போய் மோட்டார் போடச் சோம்பல்பட்டு எல்லாரும் ஆட்டோ ஸ்டார்டர் மாட்டினாங்க. கரண்டு வந்தா தானே ஓட ஆரம்பிச்சுடும். பெரிய நிம்மதி.

நிம்மதி ரெண்டு வாரம்தான். மோட்டார் ஓடறப்ப இழுக்கற கரண்டைப் போல அஞ்சாறு மடங்கு, அது ஸ்டார்ட் ஆகற அந்தச் சில நொடியில இழுக்கும். முன்னெல்லாம் ஒருத்தர் டீ குடிச்சுட்டு வந்து போடுவார், இன்னொருத்தர் மாட்டைக் கட்டிட்டு வந்து போடுவார். அந்தச் சோம்பல்தான் டிரான்ஸ்பார்மரைக் காப்பாத்திட்டு இருந்திருக்கு. ஆட்டோ ஸ்டார்டர் வந்ததும் கரண்டு வந்த அதே நொடியில இருபது மோட்டாரும் ஒண்ணா "உம்"முனு எந்திரிக்கும். டிரான்ஸ்பார்மர்ல பீஸ் போயிரும். மறுபடி போட்டா மறுபடி போகும். ஒரு சித்திரை மாசம் டிரான்ஸ்பார்மரே கருகிப் போச்சு. வேற வந்து மாட்டறதுக்குள்ள எங்க வாழை பாதி தலை சாஞ்சுடுச்சு.

அப்புறம் லைன்மேன் அண்ணன் எல்லாரையும் கூப்பிட்டு வெச்சுச் சொன்னார். "ஆளாளுக்கு ஒரு டைமர் மாட்டுங்க. ஒருத்தர் ஒரு நிமிசம், ஒருத்தர் மூணு நிமிசம், ஒருத்தர் அஞ்சு. ஒரே நேரம் மட்டும் வெக்காதீங்க." அப்பா எங்க டைமரை நாலு நிமிஷத்துல வெச்சார். அதுக்கப்புறம் டிரான்ஸ்பார்மருக்கு ஒண்ணும் ஆகலை.

ஸ்டார்டர் பெட்டிக்குப் பக்கத்துல இன்னொரு சின்ன டப்பாவும் உண்டு, சிங்கிள் பேஸ் பிரிவெண்டர். மூணு பேஸ்ல ஒண்ணு போயிட்டா மோட்டாரை நிறுத்திடும். ரெண்டு பேஸ்ல இழுத்துக்கிட்டு ஓடினா காயில் வெந்துடும்ல. "அரைகுறையா ஓடறதுக்கு நின்னு போறதே மேல்"னு அப்பா சொல்லுவார். இந்த ரெண்டு சமாச்சாரத்தையும் ஞாபகத்துல வெச்சுக்குங்க, பின்னால வருது.

இப்ப அந்தச் சனிக்கிழமை. 2018 நவம்பர் 3. செவ்வாய்க்கிழமை தீபாவளி.

அப்போ நான் இருந்தது சரவணம்பட்டியில பதினாலு பேர் இருந்த ஒரு சின்னக் கம்பெனி. பேர் வேண்டாம். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வருகைப் பதிவும் சம்பளக் கணக்கும் போடற சாஃப்ட்வேர் எங்களோடது. சுமார் அறுபது கம்பெனிகள் எங்க கிட்ட இருந்தாங்க. எல்லாம் அமேசானோட மும்பை டேட்டா சென்டர்ல ஓடுச்சு. 2016-ல மும்பை ஆரம்பிக்கிற வரைக்கும் சிங்கப்பூர்ல இருந்தோம்.

திருப்பூரைத் தெரிஞ்சவங்களுக்கு சனிக்கிழமைன்னா என்னன்னு சொல்ல வேண்டியதில்லை. வாரச் சம்பளம். ஒரு ஷிப்ட், ஒன்றரை ஷிப்ட்னு கணக்குப் போட்டு, பீஸ் ரேட்டுக்காரங்களுக்குத் தனியா கணக்குப் போட்டு, முன்பணம் கழிச்சு, கவர்ல போட்டுச் சாயங்காலம் கொடுப்பாங்க. அதை வாங்கிட்டுத்தான் மளிகைக் கடைக்கே போக முடியும். அதுலயும் அன்னிக்கு தீபாவளிக்கு முன்னாடி வர்ற சனிக்கிழமை. மதுரை, தேனிப் பக்கத்துல இருந்து வந்து வேலை பாக்கறவங்க பாதிப்பேர் சம்பளம் வாங்கின கையோட பஸ் ஏறிடுவாங்க.

மத்தியானம் 2:50. நான் டெஸ்ட் சர்வர்ல இருந்த பழைய டேட்டாவை அழிச்சுட்டுப் புதுசா மாதிரி டேட்டா ஏத்தலாம்னு ஒரு ஸ்கிரிப்டை ஓட்டினேன். நூறு தடவை ஓட்டின ஸ்கிரிப்டுதான். எந்த டேட்டாபேஸ்ல ஓடணும்னு ஒரு வேரியபிள்ல இருந்து எடுத்துக்கும். காலையில ஒரு கம்பெனியோட புகாரைப் பாக்கறதுக்காக அந்த வேரியபிளை நிஜ டேட்டாபேஸுக்கு மாத்தியிருந்தேன். திருப்பி மாத்தலை.

ரெண்டு செகண்ட். அவ்வளவுதாங்க ஆச்சு.

எனக்கு உடனே தெரியவும் இல்லை. "முடிந்தது"ன்னு வந்துச்சு, நானும் டீ குடிக்கப் போயிட்டேன். திரும்பி வரும்போது போன். திருப்பூர்ல இருந்து ஒரு கம்பெனியோட கணக்குப்பிள்ளை.

"ஏனுங் தம்பி, சிஸ்டத்துல 'டெஸ்ட் எம்ப்ளாயி ஒண்ணு, டெஸ்ட் எம்ப்ளாயி ரெண்டு'ன்னு வருதுங். எங்க கம்பெனில அப்படி யாரும் இல்லீங்களே. நாலு மணிக்குக் கவர் போடோணுங்."

வயித்துல இருந்து என்னமோ ஒண்ணு கீழ எறங்கிச்சு பாருங்க, அதை எப்படி எழுதறதுன்னு தெரியலை. கிணத்துல கயிறு அறுந்து வாளி போற மாதிரின்னு வெச்சுக்குங்க.

முதல் வேலையா சைட்டை மூடினோம், 3:05. "பராமரிப்பு நடக்கிறது"ன்னு ஒரு பக்கம் மட்டும் தெரியற மாதிரி. ஏன்னா அதுக்குள்ள ஒரு கம்பெனி அந்த வெத்து டேட்டாவுலயே சம்பளச் சீட்டு அடிக்க ஆரம்பிச்சிருந்தாங்க. அரைகுறையா ஓடறதுக்கு நிறுத்தறதே மேல். அன்னிக்கு நான் செஞ்ச ஒரே உருப்படியான காரியம் அந்த நேரத்துக்கு அதுதான்.

"பேக்கப் இருக்குல்ல?" சார் கேட்டார்.

"இருக்குங் சார். தினம் ராத்திரி ரெண்டு மணிக்கு எடுக்குது. 'பேக்கப் சக்சஸ்'னு மெயில் வருது."

எடுத்துப் பாத்தோம். ஃபைல் இருந்துச்சு. விரிச்சா அட்டெண்டன்ஸ் டேபிள் இருக்கு, தொழிலாளர் பட்டியல் பாதி இருக்கு. சம்பள விகிதம், முன்பணம், பீஸ் ரேட் எதுவுமே இல்லை. முந்தின நாள் ஃபைலும் அப்படித்தான். அதுக்கு முந்தின நாளும். பத்தொம்பது நாளாவே அப்படித்தான்.

நடந்தது இது. பேக்கப் எடுக்கற கருவி டேபிள்களை ஆங்கில அகரவரிசையில ஒவ்வொண்ணா எடுக்கும். தொழிலாளர் ஆவணங்கள் டேபிள்ல யாரோ ஆதார் கார்டை 30 எம்.பி.க்கு ஸ்கேன் பண்ணி ஏத்தி வெச்சிருந்தாங்க. சர்வர் அதை வாங்கிக்கிச்சு. ஆனா பேக்கப் கருவி ஒரு தடவைக்கு இவ்வளவுதான்னு வெச்சிருந்த அளவு அதைவிடக் குறைவு. அந்த இடத்துல திக்கி நின்னு போச்சு. அதுக்குப் பின்னால வர்ற டேபிள் எதுவும் வரலை.

அப்ப 'சக்சஸ்'னு ஏன் மெயில் வந்துச்சு? பேக்கப் கருவியில இருந்து வர்றதை ஒரு குழாய் போட்டு சுருக்கற கருவிக்குள்ள விட்டிருந்தோம். குழாயோட கடைசியில இருக்கறவர் நல்லபடியா முடிச்சாரான்னு மட்டும்தான் லினக்ஸ் ஷெல் சொல்லும். முன்னால இருக்கறவர் செத்துக் கிடந்தாலும் அதுக்குக் கவலையில்லை. வந்த பாதியை அவர் ஒழுங்கா சுருக்கிட்டார், ஆக சக்சஸ். ஸ்கிரிப்டோட தலையில 'பைப்ஃபெயில்'னு ஒரு வரி போட்டிருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்கும். ஒரே ஒரு வரிங்க.

இதுல ரொம்பக் கேவலம் என்னன்னா, முந்தின வருஷம் 2017 ஜனவரி 31-ல கிட்லாப் கம்பெனியில நடந்ததை நான் வரிவரியா படிச்சிருக்கேன். ஒரு இன்ஜினியர் ரெண்டாவது சர்வர்னு நெனச்சு முதன்மை சர்வர்ல டேட்டாவை அழிச்சுட்டார். சுதாரிச்சு நிறுத்தறதுக்குள்ள 300 ஜிபியில மிச்சம் 4.5 ஜிபி. பேக்கப்பைத் தேடினா வெர்ஷன் ஒத்துப்போகாம அது எடுக்கவே இல்லை. தோத்துப்போன மெயிலும் நடுவுலயே தடுக்கப்பட்டு யாருக்கும் போய்ச் சேரலை. கடைசியில வேற வேலைக்காக ஒருத்தர் ஆறு மணி நேரம் முன்னாடி கையால எடுத்து வெச்ச ஸ்னாப்ஷாட்தான் காப்பாத்துச்சு. மறைக்காம எல்லாத்தையும் வெளியில சொன்னாங்க, மீட்கறதை யூடியூப்ல நேரலையா காட்டினாங்க. அதைப் படிச்சுட்டு டீக்கடையில நின்னு "நம்ம கிட்ட எல்லாம் இப்படி நடக்காதுடா"ன்னு பேசினவன் நான்.

எங்களுக்கும் அதேதான் நடந்துச்சு. கூட வேலை பாத்த தம்பி ஒருத்தன் வியாழக்கிழமை ஒரு அப்டேட் போடறதுக்கு முன்னாடி, பயந்துக்கிட்டு டிஸ்க்கையே ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வெச்சிருந்தான். யாரும் எடுக்கச் சொல்லலை. 3:45-க்கு அவனே மெதுவா சொன்னான், "அண்ணா, வியாழக்கிழமையோடது ஒண்ணு இருக்குங்ணா." அவனைக் கட்டிப்பிடிச்சுக்கலாம்னு இருந்துச்சு.

வியாழக்கிழமையில இருந்து சனிக்கிழமை வரைக்கும் உள்ளதுக்கு பைன்லாக். அதாவது டேட்டாபேஸ்ல நடந்த ஒவ்வொரு மாத்தத்தையும் வரிசையா எழுதி வெக்கற நோட்டு. டேட்டாபேஸை அழிச்சாலும் அந்த நோட்டு அழியலை. நான் அழிச்சதும் அதுல ஒரு வரியா பத்திரமா பதிவாகியிருந்துச்சு. :( ஸ்னாப்ஷாட்டை உயிர்ப்பிச்சு, அது முடிஞ்ச இடத்துல இருந்து நோட்டை ஓட்டி, நான் அழிச்ச அந்த வரிக்கு முந்தின வரியில நிறுத்தணும். கேக்கறதுக்குச் சுலபம்தான்.

ஆனா ஸ்னாப்ஷாட்ல இருந்து உருவாக்கின டிஸ்க் பாக்கறதுக்குத்தான் முழுசா இருக்கும். உண்மையில ஒவ்வொரு துண்டையும் நாம முதல் தடவை கேக்கும்போதுதான் தூரத்துல இருந்து இழுத்துட்டு வரும். எல்லாமே எறும்பு ஊர்ற மாதிரி ஊர்ந்துச்சு. நாலு மணி, அஞ்சு மணி, ஆறு மணி. அறுபது கம்பெனியில இருந்தும் போன். ஆளுக்கு ஒரு போனா எடுத்து "இன்னும் சித்த நேரமுங்க"ன்னு சொல்லிட்டு இருந்தோம். ஒருத்தர் கூடத் திட்டலை. அதுதான் தாங்க முடியலை. ஒரு ஓனர் மட்டும், "பரவால்லீங் தம்பி, ஆனா புள்ளைங்கெல்லாம் கேட்டுக்கிட்ட ஒக்காந்துட்டு இருக்குதுங்" அப்படின்னார்.

7:10-க்கு டேட்டா தயார். சரிபார்த்தோம். 7:15-க்கு சைட்டைத் திறந்தோம். 7:16-க்கு மறுபடி விழுந்துச்சு.

அறுபது கம்பெனியோட பஞ்சிங் மெஷினும் மத்தியானத்துல இருந்து சேத்து வெச்ச பதிவை ஒரே நொடியில அனுப்புது. கிடைக்கலைன்னா அடுத்த நொடியே மறுபடி அனுப்புது. அந்தப் பக்கம் கணக்குப்பிள்ளைங்க எல்லாரும் ஒரே பட்டனை அமுத்திட்டே இருக்காங்க. டேட்டாபேஸ் இன்னும் சூடே ஏறலை. மறுபடி எழுப்பினோம், மறுபடி விழுந்துச்சு.

அப்பத்தான் எனக்கு அந்த "உம்"முங்கிற சத்தம் காதுல கேட்டுச்சு. இருபது மோட்டார். கருகின டிரான்ஸ்பார்மர்.

"சார், எல்லாருக்கும் ஒண்ணாத் தொறக்க வேண்டாம். பத்துப் பத்துக் கம்பெனியா விடலாம், அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை" அப்படின்னேன். பஸ் ஏறப் போறவங்க அதிகமா இருக்கற கம்பெனிகளை முதல்ல விட்டோம். ஆறு தவணை. 8 மணிக்கு எல்லாரும் உள்ள இருந்தாங்க. இங்கிலீஷ்ல இதுக்கெல்லாம் 'தண்டரிங் ஹெர்ட்', 'ஜிட்டர்'னு பேர் இருக்கு. எனக்கு லைன்மேன் அண்ணனோட டைமர்தான்.

அன்னிக்கு ராத்திரி வேலையை விட்டுத் தூக்கிடுவாங்கன்னு நெனச்சுட்டே வீட்டுக்குப் போனேன். தீபாவளி முடிஞ்சு போனா, சார் எல்லாரையும் உக்கார வெச்சு ஒரே கேள்விதான் கேட்டார். "இவன் ஏன் செஞ்சான்னு கேக்க வேண்டாம். அவ்வளவு பெரிய காரியத்தைச் செய்யறதுக்கு முன்னாடி அந்த ஸ்கிரிப்ட் இவன் கிட்ட ஏன் ஒரு வார்த்தை கேக்கலை?"

அந்த ஒரு கேள்வியில இருந்து வந்ததுதான் கீழ இருக்கறது எல்லாம். வேற கம்பெனிக்கு வந்த பின்னாடியும் இதையேதான் பிடிச்சுட்டு இருக்கேன்.

1. நிஜ சர்வரோட திரை சிவப்பு. டெஸ்ட் சர்வர் பச்சை. எதையாவது அழிக்கணும்னா அந்த டேட்டாபேஸோட பேரை முழுசா கையால டைப் பண்ணணும். 'ஆமா, இல்லை'ன்னு கேட்டா கை தானா 'ஆமா'வை அமுத்திடும். பேரைக் கேட்டா கண்ணு ஒரு தடவை படிக்கும். டெஸ்டுக்கும் நிஜத்துக்கும் கிளவுட் அக்கவுண்டே வேற வேற. டெஸ்ட் சாவி நிஜப் பூட்டைத் தொறக்கவே கூடாது.

2. பேக்கப்ங்கிறது ஃபைல் இல்லைங்க, ரீஸ்டோர்தான். வாரா வாரம் புதன்கிழமை ஒரு காலி மெஷின்ல தானா ரீஸ்டோர் ஆகும். ஒவ்வொரு டேபிள்லயும் எத்தனை வரி இருக்குன்னு நிஜத்தோட ஒத்துப் பாக்கும். குறைஞ்சா போன் அடிக்கும். அந்த மெயில் வரலைன்னாலும் போன் அடிக்கும். இது முக்கியம், மௌனத்தை நல்ல சேதின்னு எடுத்துக்கக் கூடாது. பேக்கப்ல ஒரு பிரதி வேற அக்கவுண்ட்ல, அழிக்க முடியாதபடி.

3. அலர்ட்டைக் குறைங்க. முன்னெல்லாம் எங்களுக்கு 'சி.பி.யூ. 80 சதவீதம்'னு நாளைக்கு இருநூறு மெயில் வரும். யாரும் படிச்சதில்லை. ஓயாம கொலைக்கிற நாயை யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்கல்ல. இப்ப ராத்திரியில எழுப்பறது நாலே நாலு விஷயத்துக்குத்தான், நாலும் வாடிக்கையாளர் நேரா அனுபவிக்கிற கஷ்டம். மீதி எல்லாம் காலையில பாத்துக்கலாம். புரோமிதியஸ், கிராஃபானா ரெண்டும் இலவசம், சின்னக் கம்பெனிக்கு அதுவே போதும். டிஸ்க் 90 சதவீதம் ஆச்சுன்னு எழுப்பாதீங்க. இதே வேகத்துல போனா நாலு மணி நேரத்துல நிறைஞ்சிடும்னா எழுப்புங்க. அதைக் கணக்குப் போட புரோமிதியஸ்லயே வழி இருக்கு.

4. எரர் பட்ஜெட் போடுங்க, ஆனா நாள்கிழமையைப் பாத்துப் போடுங்க. 30 நாள் மாசத்துக்கு 43,200 நிமிஷம. 99.9 சதவீதம் ஓடணும்னா 43.2 நிமிஷம் நிக்கலாம். 99.99-ன்னா 4.32 நிமிஷம்தான். அன்னிக்கு நாங்க நின்னது 310 நிமிஷம், ஏழு மாசத்துப் பட்ஜெட். ஆனா அதே 310 நிமிஷம் ஒரு செவ்வாய்க்கிழமை நடுராத்திரி நின்னிருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. அதனால சனிக்கிழமை மத்தியானத்தைத் தனியா அளக்க ஆரம்பிச்சோம். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல எதையும் தொடக்கூடாதுன்னும் வெச்சோம். உங்க தொழிலுக்கு எது சனிக்கிழமைன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும்.

5. ஒண்ணு விழுந்தா எல்லாம் விழக்கூடாது. 2012 ஜூலை 30, 31 ரெண்டு நாளும் வட இந்தியாவுல கிரிட் விழுந்துச்சே, ஞாபகம் இருக்கா? ரெண்டாவது நாள் அறுபது கோடிப் பேருக்கு மேல இருட்டுல. நம்ம தென்னாட்டு கிரிட்டுக்கு ஒண்ணும் ஆகலை. அப்போ தெற்கும் வடக்கும் நேரா இணையாம, எச்.வி.டி.சி.ங்கிற டி.சி. வழியா மட்டும் இணைஞ்சிருந்ததுதான் காரணம். அந்த ஆட்டம் இந்தப் பக்கம் தாண்டி வரலை. நேரா இணைச்சது 2013 கடைசி நாள்லதான். நாம அந்த வருஷம் தினம் பத்து மணி நேரம் மின்வெட்டுல வெந்துட்டு இருந்தோம்ங்கிறது வேற சோகக் கதை. அறுபது கம்பெனியும் ஒரே டேட்டாபேஸ்ல இருந்ததை நாங்க அப்புறம் ஆறாப் பிரிச்சோம். புது அப்டேட்டும் முதல்ல ஒரு பங்குக்கு மட்டும், அடுத்த நாள்தான் மத்ததுக்கு. புது வெதையை முழுக் காட்டுக்கும் ஒரே நாள்ல யாராச்சும் விதைப்பாங்களா? 2024 ஜூலை 19-ல க்ரவுட்ஸ்ட்ரைக் அப்படித்தான் விதைச்சாங்க. 85 லட்சம் விண்டோஸ் மெஷின் நீலத் திரையாச்சு, நம்ம ஏர்போர்ட்டுகள்ல போர்டிங் பாஸைக் கையால எழுதிக் கொடுத்தாங்க.

6. மோட்டார் ரூம் சாவியை மோட்டார் ரூமுக்குள்ள வெச்சுப் பூட்டாதீங்க. 2017 பிப்ரவரி 28-ல அமேசானோட எஸ்3 விழுந்தப்ப, 'விழுந்துடுச்சு'ன்னு சொல்ல வேண்டிய பலகையே எஸ்3-ஐ நம்பி இருந்ததால அதை மாத்த முடியலை. 2021 அக்டோபர் 4-ல ஃபேஸ்புக் ஆறு மணி நேரம் விழுந்தப்ப, சரிபண்ண வேண்டியவங்க பயன்படுத்தற உள் கருவிகளும் சேந்தே விழுந்துடுச்சு. எங்க கதையிலயும் உண்டு. யாருக்கு எந்த நம்பர்ல கூப்பிடறதுன்னு உள்ள வாடிக்கையாளர் பட்டியல் அழிஞ்ச அதே டேட்டாபேஸ்லதான் இருந்துச்சு. இப்ப ஒரு அச்சடிச்ச தாள் டிராயர்ல இருக்கு.

7. எழுதி வெய்யுங்க. அப்பா மோட்டார் ரூம் செவுத்துல சுண்ணாம்புக் கட்டியில எழுதி வெச்சிருப்பார்: போர் ஆழம், எத்தனையாவது பைப்புல மோட்டார் தொங்குது, கடைசியா எப்ப காயில் கட்டினது. நடுராத்திரி யார் வந்து டார்ச் அடிச்சாலும் படிச்சுக்கலாம். ரன்புக்குன்னா அவ்வளவுதான். தூக்கக் கலக்கத்துல இருக்கற ஒருத்தன் படிச்சுச் செய்யற மாதிரி இருக்கணும். சர்வர் அமைப்பையும் டெர்ராஃபார்ம் மாதிரி ஒண்ணுல எழுதி வெச்சுட்டா, யார் எப்ப என்ன மாத்தினாங்கன்னு தேட வேண்டியதில்லை.

8. முறை வெச்சுக்குங்க. பி.ஏ.பி. பாசனத்துல நிலத்தை நாலு மண்டலமாப் பிரிச்சு முறை வெச்சுத் தண்ணி விடறாங்க. தூக்கத்துக்கும் அப்படி முறை வேணும். அன்னிக்கு நான் அந்தத் தப்பைப் பண்ணினதுக்கு முந்தின மூணு ராத்திரியும் அலர்ட்டுக்கு எந்திரிச்சவன் நான்தான். அதை ஒரு சாக்கா சொல்லலை. ஆனா அதுவும் காரணங்கள்ல ஒண்ணு.

பாடம் முடிஞ்சுது. கதை இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு.

தீபாவளி அன்னிக்கு அத்தை வீட்டுக்கு வந்திருந்தாங்க. அப்பாவோட தங்கச்சி. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில செக்கிங்ல வேலை. அவங்க கம்பெனி எங்க சாஃப்ட்வேர் வெச்சிருக்குன்னு எனக்குத் தெரியும். அது எங்களோடதுன்னு அவங்களுக்குத் தெரியாது. முறுக்கைக் கடிச்சுக்கிட்டே சொன்னாங்க.

"சனிக்கெழம கம்ப்யூட்டரு படுத்துருச்சாம் கண்ணு. ராத்திரி எட்டரைக்குத்தான் கவர் குடுத்தாங்க. எங்க டேபிள்ல தேனிக்காரப் புள்ள ஒண்ணு. பஸ்ஸு போயிருச்சு. அந்நேரத்துக்கு ரூமுக்குத் திரும்பிப் போகப் பயந்துட்டு, பஸ் ஸ்டாண்டுலயே பையத் தலைக்கு வெச்சுப் படுத்திருந்து காத்தால போச்சாம். பாவம்."

நான் ஒண்ணும் சொல்லலை. "அப்படியாங்த்தை"ன்னு மட்டும் கேட்டுட்டு எந்திரிச்சு வெளிய போயிட்டேன்.

ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு நாள்தான் சொல்ல முடிஞ்சுது. அத்தை கொஞ்ச நேரம் என்னையே பாத்தாங்க. திட்டுவாங்கன்னு நெனச்சேன். "அப்பறம் ஒரு சனிக்கெழமையும் அப்படி ஆகலையேடா. நீ என்ன பண்ணுன?" அப்படின்னாங்க.

மேல இருக்கற எட்டையும் அவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லிப் பாத்தேன். டைமர் கதை மட்டும் புரிஞ்சுது. "உங்கொப்பன் நாலு நிமிசம் வெச்சானே, அதுவா?" அப்படின்னு சிரிச்சாங்க.

அந்தத் தேனிப் பொண்ணோட பேர் எனக்குத் தெரியாது. போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்ல 'பாதிப்பு: 310 நிமிடங்கள்'னு எழுதினதோட சரி. அதுல ஒரு பஸ் ஸ்டாண்டு பெஞ்சும் இருந்துச்சுன்னு எழுத இடமில்லை. ஆனா ஒவ்வொரு புதன்கிழமையும் ரீஸ்டோர் மெயில் வர்றப்ப அதை ஒரு தடவை திறந்து வரி எண்ணிக்கையைக் கண்ணால பாத்துட்டுத்தான் மூடறேன். தானா பாத்துக்கும்னு தெரிஞ்சும்.

அவ்வளவுதாங்க. ஒரு நல்ல காரியம் பண்ணுங்க. இதைப் படிச்சு முடிச்ச கையோட உங்க பேக்கப் ஒண்ணை எடுத்து, ஒரு காலி மெஷின்ல விரிச்சுப் பாருங்க. கடைசி டேபிள் வரைக்கும்.